மாமரம் நுனியிலிருந்து காய்கிறதா? மருந்துக்கு முன்னால் காரணத்தைத் தேடும் முறை

காய் பறிப்பு முடிந்து ஆடி பிறந்த பிறகு, கிருஷ்ணகிரியிலிருந்து குப்பம் போகும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து பாருங்கள். இரண்டு பக்கமும் மாந்தோப்பு ஓடிக்கொண்டே இருக்கும். காய் தொங்கியபோது கண்ணில் படாத ஒன்று இப்போது தெரியும். பச்சைக் குடைக்கு மேலே அங்கங்கே சாம்பல் நிறக் குச்சிகள் நீட்டிக்கொண்டு நிற்கும். ஆந்திர எல்லைக்கு இந்தப் பக்கம் அதை நுனிக்கருகல் என்போம், அந்தப் பக்கம் 'எண்டு தெகுலு' என்பார்கள். என் தோப்புக்கு வேலைக்கு வருபவர்களில் பாதிப் பேர் தமிழ் பேசுவார்கள், மீதிப் பேர் தெலுங்கு. எந்த மொழியில் பேசினாலும் காய்ந்த கிளையைப் பார்த்ததும் கேட்பது ஒன்றுதான்: "மருந்து அடிச்சுடலாங்களா?"

அடிக்கலாம். எதற்கு என்று தெரிந்தால். கிளை காய்வது ஒரு நோயின் பெயர் இல்லை, காய்ச்சல் மாதிரி அது ஓர் அடையாளம். பூஞ்சாணத்தாலும் காயும், தண்டுத் துளைப்பானாலும் காயும், புல்லுருவியாலும் காயும், வேர் மூச்சுத் திணறினாலும் காயும், டிராக்டர் கொழு வேரை அறுத்தாலும் காயும். இவற்றில் மருந்தடித்து அடங்குவது பூஞ்சாணம் மட்டும்தான், அதுவும் பாதிதான். நானும் 3 வருடம் பூஞ்சாணக்கொல்லிக்குப் பணம் கொட்டியவன். அந்தக் கதை வேர்ப் பகுதிக்கு வரும்போது.

ஒரு காலைப் பொழுதை இதற்கென்று ஒதுக்குங்கள். நல்ல பேனாக்கத்தி, கை ரம்பம், பழைய சைக்கிள் பிரேக் கம்பி ஒரு முழம், மண்வெட்டி, அரிவாள், கடப்பாரை, பழைய சேலையில் கிழித்த துணிப் பட்டைகள், ஒரு நோட்டு. இவ்வளவுதான் தேவை. மாம்பால் தோலில் பட்டால் புண்ணாக்கும், எனவே முழுக்கைச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள்.

முதலில், உண்மையிலேயே காய்கிறதா?

இதைக் கேட்காமல் மரத்தை வெட்டியவர்கள் உண்டு. பூத்துக் காய் பிடிக்காமல் போன கொத்தின் காம்பு காய்ந்து, மாதக் கணக்கில் கிளை நுனியிலேயே நிற்கும். தூரத்திலிருந்து பார்த்தால் நுனி காய்ந்த மாதிரியே இருக்கும். கிட்டே போய் ஒடித்தால் அந்தக் காம்பு மட்டும் உதிரும், அதன் அடியில் மொட்டு பச்சையாக இருக்கும். அது நோயில்லை.

குடைக்கு உள்ளே வெயில் படாத சிறு குச்சிகள் காய்வதும் இயல்புதான். வெளிச்சம் கிடைக்காத கிளைக்கு மரம் சோறு போடாது. செம்பு நிறத்தில் தொங்கும் புதுத் தளிரைக் கருகல் என்று நினைப்பவர்களும் இருக்கிறார்கள், பெரும்பாலும் பட்டணத்திலிருந்து வந்து தோப்பு வாங்கியவர்கள். அப்புறம் பட்டையில் படர்ந்திருக்கும் சாம்பல், பச்சைப் பாசித் திட்டுகள். அவை பட்டையின் மேல் குடியிருப்பவை, மரத்தை உறிஞ்சுவதில்லை. மெலிந்த மரத்தில் இலை குறைந்து வெயில் பட்டையில் விழுவதால் அவை அதிகம் தெரியும், அவ்வளவுதான்.

கவலைப்பட வேண்டியது எது? குடையின் வெளிப்புறத்தில், வெயில் நன்றாகப் படும் கிளைகள் நுனியிலிருந்து பின்னோக்கிக் காய்ந்து வருவது.

தள்ளி நின்று பாருங்கள்

மரத்துக்கு அடியில் நிற்காதீர்கள். இருபது, முப்பது அடி தள்ளிப் போய் ஒரு முறை சுற்றி வாருங்கள். காய்ந்த கிளைகள் எங்கெங்கே இருக்கின்றன என்று நோட்டில் குடையை வட்டமாக வரைந்து குறியுங்கள். பாதி விடை இந்தப் படத்திலேயே வந்துவிடும்.

ஒரே ஒரு கிளை மட்டும் காய்ந்து மற்றவை செழிப்பாக இருந்தால், கோளாறு அந்தக் கிளையில்தான். துளைப்பான், புல்லுருவி, முறிந்த காயம், இறுகிய கம்பி என்று தேடலாம். குடையின் ஒரு பக்கம் முழுவதும் மெலிந்தால், அந்தப் பக்கத்து வேரைச் சந்தேகப்படுங்கள். குழாய் பதிக்கப் பள்ளம் தோண்டினீர்களா? வரப்பு வெட்டினீர்களா? ஒரே பக்கம் திடீரென்று காய்ந்து, அடிமரத்தில் மேலிருந்து கீழாகப் பட்டை கோடு போல உரிந்திருந்தால் இடி விழுந்திருக்கலாம். உச்சி முழுவதும், எல்லாப் பக்கமும், கொஞ்சம் கொஞ்சமாக மெலிந்து இலை சிறுத்து வந்தால் விஷயம் மண்ணுக்குள் இருக்கிறது. தண்ணீரும் சத்தும் வேரிலிருந்து ஏறும்போது கடைசியில் போய்ச் சேரும் இடம் உச்சிதான், பஞ்சம் வந்தால் முதலில் பட்டினி கிடப்பதும் அதுதான்.

பக்கத்து மரங்களையும் பாருங்கள். பள்ளத்தில் இருக்கும் வரிசை மட்டும் வாடுகிறதா? மேட்டில் சுக்கான் பாறை மேலே இருக்கும் மரங்கள் மட்டுமா? ஒரே வரிசையில் அடுத்தடுத்து இரண்டு மூன்று மரம் சாய்ந்தால் வேர் வழியாகப் பரவும் அழுகலை நினைக்க வேண்டும்.

இலையையும் கவனியுங்கள். காய்ந்த கிளையில் பழுப்பு இலைகள் உதிராமல், ஓரம் மேல்நோக்கிச் சுருண்டு ஒட்டிக்கொண்டிருந்தால் கிளை சீக்கிரமாகச் செத்திருக்கிறது. பூஞ்சாணக் கருகலிலும் துளைப்பான் தாக்கிய கிளையிலும் இதைப் பார்க்கலாம். இலை மஞ்சளாகி, சிறுத்து, உதிர்ந்த பிறகு குச்சி காய்ந்திருந்தால் அது மெதுவான சாவு, வேர் சம்பந்தப்பட்டது. உயிருள்ள முதிர்ந்த இலைகளின் நுனியும் ஓரமும் மட்டும் ஒரே சீராகத் தீய்ந்திருந்தால் உப்புத் தண்ணீரையும் சாம்பல் சத்து (பொட்டாசியம்) குறைவையும் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சுரண்டலும் சேலைத் துணியும்

முழுச் சோதனையிலும் எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. காசு செலவில்லை, பொய் சொல்லாது.

காய்ந்த கிளையின் நுனியில் தொடங்கி, ஒரு சாணுக்கு ஒரு இடத்தில் பட்டையை நகத்தளவு மெல்லச் சுரண்டுங்கள். உள்ளே பழுப்பாக, உலர்ந்து இருந்தால் அங்கே உயிர் இல்லை. பச்சையாக, ஈரமாக இருந்தால் உயிர் இருக்கிறது. பழுப்பு முடிந்து பச்சை தொடங்கும் எல்லையைக் கண்டுபிடித்ததும் அந்த இடத்தில் ஒரு துணிப் பட்டையைக் கட்டுங்கள். இப்படி மரத்துக்கு மூன்று நான்கு கிளைகளிலாவது கட்ட வேண்டும். தேதியை நோட்டில் எழுதுங்கள்.

15 நாள் கழித்து வந்து துணிக்குக் கீழே மறுபடி சுரண்டுங்கள். துணிக்குக் கீழேயும் பழுப்பு இறங்கியிருந்தால் நோய் உயிரோடு நகர்ந்துகொண்டிருக்கிறது. உடனே வெட்ட வேண்டும். எல்லை நகரவே இல்லையென்றால் அது பழைய அடி. போன கோடையின் வறட்சியோ, அதிகக் காய்ப்போ, எப்போதோ நடந்த காயமோ தன் வேலையை முடித்துவிட்டுப் போயிருக்கிறது. அதற்கு இப்போது மருந்தடிப்பது வெள்ளம் வடிந்த பிறகு கரை கட்டுகிற வேலை.

பாதி மரங்களில் துணியைத் தாண்டி எதுவும் இறங்காது என்பதுதான் என் அனுபவம். ஆனால் அந்த 15 நாள் பொறுமை யாருக்கும் இருப்பதில்லை. அடிமரத்திலிருந்து ஈரத் தூள் கொட்டினால் மட்டும் காத்திருக்க வேண்டாம், அதற்கான வேலையை அன்றே பாருங்கள்.

பிளந்து பாருங்கள்

ஒரு கிளையைப் பலி கொடுக்க வேண்டும். உயிரும் சாவும் சந்திக்கும் இடத்துக்கு ஒரு முழம் கீழே வெட்டி, அரிவாளால் நீளவாக்கில் பிளந்து வெயிலில் பிடித்துப் பாருங்கள்.

வெளியே பட்டை பச்சையாக இருக்கும் இடத்திலும் உள்ளே மரக்கட்டையில் பழுப்புக் கோடுகள் ஓடினால் பூஞ்சாணம் முன்னால் போய்விட்டது என்று அர்த்தம். மாமரத்தில் இந்த வேலையைச் செய்வது பெரும்பாலும் லாசியோடிப்ளோடியா என்ற பூஞ்சாணம். மூலக் கிளையில் பட்டை கறுத்து, சில இடங்களில் வெடித்துக் கோந்து வடியும். இது நல்ல உடம்புக்காரனை அடிக்கும் ரவுடி இல்லை. செழிப்பான மரத்துக்குள்ளும் சத்தமில்லாமல் இருக்கும். மரம் தண்ணீர் இல்லாமலோ, வெயிலில் வெந்தோ, காயப்பட்டோ தளரும்போது எழுந்து வரும். அதனால் பழுப்புக் கோட்டைப் பார்த்ததும் 'கண்டுபிடித்துவிட்டேன்' என்று நிறுத்திவிடாதீர்கள். மரம் ஏன் தளர்ந்தது என்ற கேள்வி இன்னும் பாக்கி.

பிளந்த கட்டையில் நடுவே சுரங்கம் இருந்தால் பூச்சி. கோடு எதுவும் இல்லாமல், காய்ந்த பகுதி சட்டென்று முடிந்து கீழே வெள்ளையாக ஆரோக்கியமான கட்டை இருந்தால் வறட்சியோ பழைய காயமோ. இலைகளில் கறுப்புப் புள்ளிகளும் பிஞ்சுக் குச்சிகளில் கருகலும் சேர்ந்து, மழைக்காலத்தில் மட்டும் வந்தால் அது ஆந்த்ராக்னோஸ் என்ற பூஞ்சாண நோய். அது பெரும்பாலும் இளம் குச்சியோடு நின்றுவிடும், பெரிய கிளைக்கு இறங்குவது அபூர்வம்.

அடிமரமும் கவைகளும்

இப்போது மரத்துக்கு அடியில் போகலாம். காய்ந்த கிளையிலிருந்து கண்ணைக் கீழே இறக்கி, அது பிரியும் கவையையும் அடிமரத்தையும் சுற்றிச் சுற்றிப் பாருங்கள். தேடுவது நான்கு விஷயங்கள்.

தண்டுத் துளைப்பான்: இந்தப் பகுதியில் வயதான பெங்களூரா ரக மாமரங்களைச் சாய்ப்பதில் இதற்குப் பெரிய பங்கு உண்டு என்பது என் கணிப்பு. தாய் வண்டு சுமார் 2 அங்குல நீளம், சாம்பல் நிறம், மீசை உடம்பைவிட நீளம். பட்டை வெடிப்பில் முட்டை வைக்கும். வெளிவரும் காலில்லாத வெள்ளைப் புழு, கட்டைக்குள் மாதக் கணக்கில் குடைந்து 3, 4 அங்குலம் வரை வளரும். வெளியே தெரிவது ஓட்டையும், அதிலிருந்து தள்ளப்படும் நார் நாரான மரத்தூளும், வடியும் சாறும்தான். தூளைக் கையில் எடுத்துப் பாருங்கள். ஈரமாக, வெளிர் மஞ்சளாக இருந்தால் புழு உள்ளே இருக்கிறது. சாம்பல் நிறத்தில் காய்ந்து, சிலந்தி வலை கட்டியிருந்தால் அவர் காலி செய்துவிட்டுப் போய்விட்டார். இருக்கிறார் என்றால் ஓட்டையின் வாயைக் கத்தியால் கொஞ்சம் திறந்து, நுனியைக் கொக்கியாக வளைத்த பிரேக் கம்பியை விட்டுத் திருகி இழுங்கள். கம்பியில் வெள்ளைச் சாறோ புழுவோ வந்தால் வேலை முடிந்தது. களிமண்ணால் அடைத்துவிட்டு, 5 நாள் கழித்துப் புதுத் தூள் விழுகிறதா என்று பாருங்கள். முன்பு பஞ்சில் நுவான் நனைத்துத் திணிப்பார்கள். அதிலுள்ள டைக்குளோர்வாஸ் 2020 டிசம்பர் 31 முதல் இந்தியா முழுவதும் தடை செய்யப்பட்டுவிட்டது. பழைய பாட்டில் யார் வீட்டிலாவது இருந்தாலும் வாங்காதீர்கள்.

பட்டை தின்னும் புழு: கவையில் பட்டைமேல் மரத்தூளும் எச்சமும் நூலால் பின்னிய ரிப்பன் போல வளைந்து கிடக்கும். கரையான் புற்று என்று நினைத்துவிடுவோம். விளக்குமாற்றால் தட்டிவிட்டால் அதன் முனையில் ஒரு சிறு ஓட்டை தெரியும். பகலில் புழு அதற்குள் இருக்கும், இரவில்தான் வெளியே வந்து பட்டையைத் தின்னும். இதற்கும் கம்பிதான். தனியாக மரத்தைக் கொல்வது குறைவு, ஆனால் தளர்ந்த மரத்தை இன்னும் தளர்த்தும்.

புல்லுருவி: தெலுங்கில் பதனிக. இலை மா இலையைப் போலவே தெரிவதால் குடைக்குள் மறைந்துகொள்ளும். பூக்கும்போது நீளமான குழல் பூக்கள் காட்டிக்கொடுக்கும். பறவைகள் பழத்தைத் தின்று, பிசுபிசுப்பான விதையைக் கிளையில் தேய்த்துவிட்டுப் போகும். அது ஒட்டிய இடம் முடிச்சாக வீங்கும், அதற்கு அப்பால் உள்ள மாங்கிளை பட்டினியால் காயும். புல்லுருவியை மட்டும் ஒடித்தால் மறுபடி துளிர்க்கும். முடிச்சுக்கு ஒரு முழம் கீழே கிளையையே எடுக்க வேண்டும், பழம் விடுவதற்குள்.

நான்காவது, மனிதன் செய்தது. வேலிக் கம்பி, மாடு கட்டிய கயிறு, பெயர்ப் பலகைக்கு அடித்த ஆணி. மரம் பருத்துக் கம்பி உள்ளே புதைந்த பிறகு வெளியே ஒரு கோடுதான் தெரியும். அதற்கு மேலே வீக்கம் இருந்தால் அதுதான் குற்றவாளி.

கழுத்தைத் தோண்டிப் பாருங்கள்

மரம் மண்ணுக்குள் நுழையும் இடம்தான் கழுத்து. அது தூண் மாதிரி நேராக இறங்கினால் சந்தேகப்படுங்கள். ஆரோக்கியமான மரம் அடியில் யானைக் காலைப் போல அகன்று, வேர்கள் பிரிவது கண்ணுக்குத் தெரிய வேண்டும்.

என் தோப்பில் வடக்கு மூலையில் இரண்டு பெங்களூரா மரங்கள். உச்சி காயத் தொடங்கியது. கடைக்காரர் சொன்ன பூஞ்சாணக்கொல்லியை அடித்தேன், அடுத்த வருடம் வேறொன்று, அதற்கடுத்த வருடம் இரண்டையும் கலந்து. காய்வது நிற்கவில்லை. ஒருநாள் வெட்டிய கிளையை இழுத்துப் போட்டுவிட்டு அடிமரத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்தேன். குப்பத்திலிருந்து வேலைக்கு வரும் பெரியவர் வெற்றிலை மென்றபடி மரத்தடியைக் காட்டிக் கேட்டார்: "ஏங்க, இதுக்கு ஒட்டு போட்ட இடம் எங்க?" எனக்குப் பதில் தெரியவில்லை. நான் நட்ட ஒட்டு மரம்தான், ஆனால் ஒட்டுக்கட்டு கண்ணில் படவில்லை. ஏரி தூர் வாரியபோது வாங்கிய வண்டல் மண்ணை, நல்லது என்று நினைத்து, டிராக்டரில் கொண்டுவந்து மரத்தைச் சுற்றி மேடாகக் குவித்திருந்தேன். அந்த ஆசையின் உயரம் ஒன்றரை அடி.

தோண்டினோம். ஒரு மரத்தில் பட்டை கறுத்து ஊறியிருந்தது, ஆனால் சுரண்டினால் அடியில் பச்சை இருந்தது. இன்னொன்றில் பட்டை கையோடு வந்தது, புளித்த வாடை அடித்தது. வேருக்கும் மூச்சு வேண்டும் என்று படித்திருக்கிறேன். அன்றைக்குத்தான் மூக்கால் தெரிந்துகொண்டேன்.

நீங்களும் இதைச் செய்யுங்கள். மண்வெட்டியை ஓரத்தில் மட்டும் பயன்படுத்தி, மரத்தையொட்டிக் கையாலும் குச்சியாலும் மண்ணை விலக்குங்கள். ஒட்டுக்கட்டும், முதல் வேர்கள் பிரியும் இடமும் தெரியும்வரை போக வேண்டும். அங்கே பட்டையைச் சுரண்டுங்கள். பச்சையா, பழுப்பா? பழுப்பு அடிமரத்தைச் சுற்றி எவ்வளவு தூரம் போயிருக்கிறது? பட்டைக்கடியில் வெள்ளைப் பூஞ்சாண இழை படர்ந்திருக்கிறதா? அடியில் கெட்டியான தட்டுக் காளான் முளைத்திருந்தால் உள்ளே வேர் அழுகல் வெகு தூரம் போய்விட்டது. ஒரு வேர் அடிமரத்தைக் கயிறு போலச் சுற்றி இறுக்குகிறதா என்றும் பாருங்கள். பாலித்தீன் பையில் அதிக நாள் கிடந்த கன்றின் வேர் உள்ளேயே சுருண்டுவிடும். நடும்போது பிரித்துவிடாவிட்டால் 10, 15 வருடம் கழித்து அது கழுத்தை நெரிக்கும்.

மண்ணையும் நினைவையும் கிளறுங்கள்

குடையின் ஓரத்துக்கு நேர் கீழே இரண்டடிக் குழி ஒன்று எடுங்கள். உணவெடுக்கும் மெல்லிய வேர்கள் அதிகம் இருப்பது அந்தப் பக்கம்தான். வெள்ளையாக, ஒடித்தால் சத்தம் வரும்படி இருந்தால் நல்லது. கறுத்து, உருவினால் தோல் மட்டும் கையோடு வந்தால் அழுகல். குழியில் நாற்றமும் நீல நிறக் களிமண்ணும் இருந்தால் தண்ணீர் தேங்குகிறது. இரண்டடியிலேயே கடப்பாரை டங்கென்று சத்தமிட்டால் அது சுக்கான், அங்கே மரம் தொட்டியில் வளர்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு நோட்டில் கடந்த 3, 4 வருடக் கதையை எழுதுங்கள். மரத்தின் இன்றைய முகம் பெரும்பாலும் முந்தைய வருடங்களின் கணக்கு. எந்தக் கோடையில் போர் வற்றியது? ஆழப்படுத்திய பிறகு வரும் தண்ணீர் துணியில் வெள்ளை படிய விடுகிறதா? ஆழமாக உழுதது எப்போது? காய் அளவுக்கு மீறித் தொங்கியது எந்த வருடம்? முந்தைய குத்தகைதாரர் கல்டார் (மரத்தைப் பூக்க வைக்க வேரில் ஊற்றும் பேக்லோபூட்ரசால் மருந்து) ஊற்றினாரா? வருடா வருடம் ஊற்றிய மரத்தில் கணுக்கள் நெருங்கி, இலைகள் கொத்தாக மேலே மேலே அடுக்கியது போல நிற்கும். குத்தகைக்கு விட்ட தோப்பில் இதை அவசியம் பாருங்கள். ஒருவர் கறந்துவிட்டுப் போன மாட்டுக்கு இன்னொருவர் வைத்தியம் பார்க்கிற கதையாகிவிடும். தண்ணீர்மேல் சந்தேகம் இருந்தால் பரிசோதனைக்குக் கொடுத்துவிடுங்கள்.

வெட்டுவதும் பூசுவதும்

மழை இல்லாத நாளாகப் பாருங்கள். பறிப்பு முடிந்து, புரட்டாசி மழைக்கு முன்னால் உள்ள இடைவெளி வசதி. துணி கட்டிய எல்லைக்குக் குறைந்தது 3 அங்குலம் கீழே வெட்டுங்கள். வெட்டிய முகத்தில் பழுப்புப் புள்ளி இருந்தால் இன்னும் கீழே போங்கள், கட்டை சுத்தமாகத் தெரியும்வரை. கனமான கிளைக்கு முதலில் அடிப்பக்கம் கால்வாசி அறுத்துவிட்டு, கொஞ்சம் தள்ளி மேலிருந்து அறுக்க வேண்டும். இல்லையென்றால் விழும்போது பட்டையை உரித்துக்கொண்டு போகும். ஒரு மரம் முடிந்ததும் ரம்பத்தை ஸ்பிரிட்டால் துடையுங்கள்.

வெட்டுக்காயத்துக்குப் போர்டோ பசை. மயில்துத்தம் 100 கிராமை அரை லிட்டர் தண்ணீரிலும், நீற்றிய சுண்ணாம்பு 100 கிராமை இன்னொரு அரை லிட்டரிலும் தனித்தனியாகக் கரைத்து, பிறகு ஒன்றாகக் கலக்குங்கள். பிளாஸ்டிக் வாளிதான், இரும்பு ஆகாது. கலந்ததில் இரும்புக் கத்தியை ஒரு நிமிடம் முக்கி எடுங்கள். கத்தியில் செம்பு நிறம் படிந்தால் இன்னும் கொஞ்சம் சுண்ணாம்பு சேர்க்க வேண்டும். அன்றே பூசி முடித்துவிடுங்கள், மறுநாளைக்கு வைத்தால் வீண். பூஞ்சாணக் கோடு பார்த்த மரங்களுக்கு மட்டும், வெட்டிய பிறகு காப்பர் ஆக்சிகுளோரைடு லிட்டருக்கு 3 கிராம் கலந்து தெளிக்கலாம்.

வெட்டிய குச்சிகளை மரத்தடியில் குவிக்காதீர்கள், வேலிக்கும் வைக்காதீர்கள். பூஞ்சாணம் விதை போடுவதும் வண்டு குடும்பம் நடத்துவதும் அங்கேதான். எரித்துவிடுங்கள், அல்லது அடுப்புக்கு வீட்டுக்கு எடுத்துப் போய்விடுங்கள். குடை திறந்து வெயில் நேராக விழும் அடிமரத்துக்கும் தடித்த கிளைக்கும் சுண்ணாம்பு அடியுங்கள். மாம்பட்டை வெயிலில் வெடித்தால் அது அடுத்த நோய்க்கு வாசல்.

இவ்வளவும் பார்த்தும் புரியவில்லையென்றால் மாதிரி எடுத்துப் போங்கள். முழுக்கக் காய்ந்த குச்சியைக் கொண்டுபோனால் யாராலும் எதுவும் சொல்ல முடியாது. உயிரும் சாவும் சந்திக்கும் இடத்தை நடுவில் வைத்து ஒரு முழம் வெட்டி, செய்தித்தாளில் சுற்றி, அன்றே கொடுக்க வேண்டும். கழுத்து அழுகல் என்றால் வேரும் பட்டையும் ஒரு கைப்பிடி மண்ணும் சேர்த்து. நம் பக்கம் எலுமிச்சங்கிரி வேளாண் அறிவியல் நிலையமும் பையூர் மண்டல ஆராய்ச்சி நிலையமும் இருக்கின்றன, குப்பம் பக்கத்துக்காரர்கள் அவர்கள் ஊர்த் தோட்டக்கலை அலுவலரிடம் தொடங்கலாம். நோட்டில் வரைந்த வட்டத்தையும் கொண்டுபோங்கள். போனில் எடுத்த பத்துப் படத்தைவிட அது அதிகம் பேசும்.

எப்போது கைவிடுவது? கழுத்துப் பட்டை சுற்றளவில் பாதிக்கு மேல் செத்துவிட்டால் நான் அந்த மரத்துக்குச் செலவு செய்வதில்லை. என் இரண்டில் பட்டை கையோடு வந்த மரம் அந்த ரகம், அடுத்த கோடையில் வெட்டிவிட்டோம். இன்னொன்றின் கழுத்தைத் திறந்து, மேட்டை வாரிப் பாத்தியை வெளியே தள்ளி வெட்டி, காய்ந்ததைக் கழித்துவிட்டு வேறு எதுவும் செய்யவில்லை. முதல் மழைக்கு ஒன்றும் நடக்கவில்லை. இரண்டாவது வருடம் ஐப்பசியில், கீழ்க் கவையிலிருந்து ஏழெட்டுத் தளிர் வந்தது. பெரியவர் வந்து பார்த்துவிட்டு, ஒட்டுக்கட்டு தெரிகிறதா என்று குனிந்து ஒருமுறை சரிபார்த்துக்கொண்டார்.